தூண்டிலில் தெரியாதது ஏறினால்: குமரிக் கரைக்கடலில் மீன் பிடிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நீளும் குமரி மாவட்டக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க இந்த வழிகாட்டி முயலவில்லை. கடலரிப்பைத் தடுக்கக் கற்களைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவின்மேல் நின்று தங்கூசி என்னும் நைலான் இழையை வீசுபவர்கள், ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் இடுப்பளவு நீரில் வீச்சுவலை எறிபவர்கள், விடியற்காலையில் சிறு வள்ளத்தில் கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே சுற்றிவிட்டுத் திரும்புபவர்கள் ஆகியோருக்காகவே இது எழுதப்படுகிறது. ஆழ்கடலுக்குப் போகிறவர் ஆபத்தை எதிர்பார்த்துப் போகிறார். கரைக்கடலுக்குப் போகிறவர் அன்றைய குழம்பை எதிர்பார்த்துப் போகிறார்.

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடைப்பட்ட கரையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓய்வு நாட்களில் தூண்டில் போட்டு வருகிறேன். நான் நேரில் பார்த்த காயங்களில் பெரும்பகுதி, மீன் தூண்டிலில் ஏறிய பிறகு, அதை விடுவிக்கக் கை நீட்டிய நொடியில் நேர்ந்தவை. ஆகவே கீழே சொல்லப்படும் படிகளுக்கெல்லாம் அடிப்படையான ஒரு பழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னதென்று தெரியாத ஒன்று மேலே வந்தால், கைக்கு முன்னால் கத்தி போக வேண்டும். தங்கூசியை அறுத்து அதைப் போகவிட வேண்டும். சில ரூபாய் பெறும் தூண்டில் முள்ளை இழக்க மனம் வராதவர்கள்தாம் பிறகு மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் படி: வீட்டிலிருந்து இறங்கும் முன்

ஐதராபாத்தில் இயங்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், அலை உயரம் பற்றிய எச்சரிக்கைகளை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையோடு இதையும் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. 2017 நவம்பர் 30 அன்று குமரி முனைக்கு அருகே ஒக்கி புயலாக வலுப்பெற்றபோது ஏற்கெனவே கடலில் இருந்தவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை; கரையில் நிற்கும் நமக்குக் கிடைக்கிறது.

பருவங்களையும் சேர்த்துக் கணக்கில் கொள்ள வேண்டும். விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை, சின்னமுட்டம் அடங்கிய கிழக்குப் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் அடங்கிய மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் நடைமுறையில் இருக்கிறது. தூண்டில்காரரை இத்தடை கட்டுப்படுத்தாது. ஆயினும் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையில் எழுப்பும் அலைக்கு முன்னால் கல்மேல் நிற்பது அறிவுடைமை ஆகாது. ஐப்பசியில் வேறொரு தொல்லை உண்டு. பிற்பகலில் மலைப்பக்கம் கருத்து வரும்போது இடியோசை காதில் விழுந்த உடனே தூண்டிற்கம்பைக் கீழே வைத்துவிட்டு, கற்களை விட்டு இறங்கி, வீட்டுக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ சென்றுவிட வேண்டும். இப்போது பலர் வைத்திருக்கும் கார்பன் தூண்டிற்கம்பு மின்சாரத்தை நன்றாகவே கடத்தும்.

கள்ளக்கடல்

இதற்குத் தனித்தலைப்பு கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. காற்றே இல்லாத, வானம் வெளுத்த ஒரு நாளில் கடல் திடீரென்று எழும்பிக் கரைமேல் ஏறுவதையே நம்மவர்கள் கள்ளன்போல் வரும் கடல் என்று பெயரிட்டு அழைத்தார்கள்; 2012-இல் யுனெஸ்கோவும் அச்சொல்லை அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் பலத்த காற்று எழுப்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, சில நாட்கள் கழித்து நம் கரையை வந்தடைகின்றன. அலையை எழுப்பிய காற்று இங்கே இல்லாததால், உள்ளூர் வானத்தைப் பார்த்து அதை ஊகிக்க முடிவதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் இது அதிகம் நிகழ்கிறது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் உயிரிழந்தபோதும் கள்ளக்கடல் எச்சரிக்கை நடைமுறையில் இருந்தது.

நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், நேற்று நின்ற கல்லில் இன்றும் நிற்கலாம் என்ற நம்பிக்கை எளிதில் வந்துவிடுகிறது. நீண்ட அலைகள் கூட்டங்கூட்டமாக வருபவை. ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பல நிமிடங்கள் கடல் குளம்போல் கிடக்கும். எனவே கல்லில் இறங்குவதற்கு முன் குறைந்தது 20 நிமிடம் மேலேயே நின்று பார்க்க வேண்டும். எந்தக் கல்வரை ஈரம் ஏறியிருக்கிறது, எந்த இடுக்கில் நீர் பீறிடுகிறது என்று கவனித்து, ஈரக்கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். அலை வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கிப் பாறைகளின் அடி தெரிந்தால், அங்கே கிடக்கும் சிப்பியைப் பொறுக்க இறங்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த கொட்டில்பாட்டுக்காரர்களுக்கும் மணக்குடிக்காரர்களுக்கும் இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் படி: நிற்கும் இடம்

தூண்டில் வளைவின் ஓரத்தை ஒட்டிக் கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம் உருவாவது இயல்பு. மீன் அங்கே கூடுவதும் அதனால்தான், விழுந்தவர் திரும்பாததும் அதனால்தான். தவறி விழுந்தால் கற்களில் தொற்றி ஏற முயலும்போது அடுத்த அலை உடலைக் கல்லில் அறையும். கல்லில் ஒட்டிய சிப்பிகளின் விளிம்பு கத்திக்கு நிகரானது. கல்லை விட்டு விலகி, மல்லாந்து மிதந்து, இழுப்பு தளர்ந்த பிறகு மணற்கரையுள்ள பக்கம் சாய்வாக நீந்துவதே வழி. அதைவிட நல்ல வழி, மிதவைச் சட்டை அணிந்திருப்பது. கல்மேல் நின்று மிதவைச் சட்டை அணிபவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள்; சிரிக்கட்டும்.

மணக்குடியில் பழையாறும் தேங்காப்பட்டணத்தில் குழித்துறையாறும் கடலில் சேரும் பொழிமுகங்களில் மணல்மேடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. போன வாரம் முழங்கால் ஆழம் இருந்த இடம் இந்த வாரம் ஆளை மூழ்கடிக்கும். தேங்காப்பட்டணம் துறைமுக முகப்பில் மணல் சேர்ந்து எழும் அலையில் படகுகள் கவிழ்ந்து, கடலறிந்த மீனவர்களே பலர் உயிரிழந்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்தால், சிறு வள்ளத்தில் அந்த வழியே நுழைவதற்கு முன் அலைகளை எண்ணிப் பார்க்கத் தோன்றும்.

மூன்றாம் படி: கையோடு இருக்க வேண்டியவை

இடுப்பில் ஒரு கத்தி, நீண்ட மூக்குள்ள குறடு, தடித்த கையுறை, அடிப்பகுதி கெட்டியான செருப்போ காலணியோ, நீர் புகாத உறையில் கைபேசி, நெற்றி விளக்கு. இவற்றோடு ஒரு பெரிய பிளாஸ்க் நிறைய வெந்நீர். கட்டன் சாயா போடுவதற்கு என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்; அதன் உண்மையான பயன் கீழே வரும். தனியாகப் போகாமல் இருப்பதும், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடமாவது சொல்லியிருப்பதும் இந்தப் பட்டியலில் சேரும்.

நான்காம் படி: மீனைக் கையிலெடுக்கும் முன்

நம் தூண்டிலில் அடிக்கடி ஏறும் கெளுத்தியிலிருந்தே தொடங்கலாம். அதன் முதுகுத் துடுப்பில் ஒன்றும் இரு பக்கத் துடுப்புகளில் ஒவ்வொன்றுமாக மூன்று முட்கள் உண்டு. வாள்போல் பல்லுள்ள அம்முட்கள் துள்ளும்போது விறைத்து நிற்கும், குத்திய பிறகு வெளியே வர மறுக்கும், நஞ்சையும் விட்டுவிட்டுப் போகும். எனக்குப் பன்னிரண்டு வயதில் உள்ளங்கையில் ஏறிய கெளுத்தி முள்ளின் தழும்பு இன்னும் இருக்கிறது. செத்துவிட்டது என்று எண்ணிப் பையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். செத்த கெளுத்தியின் முள்ளும் முள்தான். கோடு போட்ட சிறு கெளுத்திகள், வால் விலாங்கு வால்போல் முடிபவை, இன்னும் கொடியவை. அவை கூட்டமாக வலையில் வந்தால் வலையைக் கவிழ்த்துக் கடலிலேயே கொட்டிவிடுவது நல்லது.

பாறைகளில் பாசி மேயும் ஓரா மீன் பார்வைக்குச் சாதுவானது. முதுகு, வயிறு, மலத்துவாரம் ஆகிய மூன்று பக்கத் துடுப்புகளிலும் நஞ்சுமுள் உள்ளது. கிளாத்தியின் கதை வேறு. ஒரு காலத்தில் சீந்துவாரின்றி எறியப்பட்ட இம்மீன் இப்போது ஏராளமாகப் பிடிபட்டு விலைக்கும் போகிறது. அதன் முதல் முதுகுமுள்ளை இரண்டாவது முள் கொக்கிபோல் பூட்டிக்கொள்ளும். பெரிய முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது, பின்னாலுள்ள சிறிய முள்ளை அழுத்தினால் உடனே மடங்கும். தூண்டில் கம்பியையே நசுக்கும் அதன் பல்லுக்கு விரல் பெரிய பொருட்டல்ல.

பாறை இடுக்கில் கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனும், இறகு விரித்தாற்போல் அழகு காட்டும் சிங்கமீனும் அபூர்வமாகவே தூண்டிலில் ஏறும். ஏறினால், குறடுகூட வேண்டாம், அறுத்துவிட வேண்டும். முதுகில் 13 நஞ்சுமுட்கள் கொண்ட கல்மீனின் குத்து, உலகில் மீன்களால் நேரும் குத்துகளிலேயே கடுமையானது. அதை மிதிப்பவர்களே அதிகம் என்பதால்தான் செருப்பைப் பற்றி மேலே வற்புறுத்தினேன்.

திருக்கையை எங்கள் பக்கம் திரச்சி என்பார்கள். மணலில் புதைந்து கிடக்கும் அதை மிதித்தால் வாலைச் சுழற்றிக் கணுக்காலில் குத்தும். ஆழம் குறைந்த மணற்பரப்பில் காலைத் தூக்கி வைத்து நடக்காமல் மணலோடு இழைத்து இழைத்து நடந்தால், அதிர்வை உணர்ந்து அதுவே விலகிப்போகும். தூண்டிலில் ஏறிய திருக்கையை வாலைப் பிடித்துத் தூக்குவது தவறு. வாலையே வெட்டிவிட்டுத் திரும்பக் கடலில் எறியும் வழக்கமும் தேவையற்ற கொடுமை. வேண்டாமென்றால் தங்கூசியை அறுத்தால் போதும். (அக்காலத்தில் இந்த வாலைக் காயவைத்துச் சவுக்காகப் பயன்படுத்தினார்கள் என்பதை நினைத்தாலே முதுகு கூசுகிறது.) மின்திருக்கையோ குத்தாது, ஈரக்கையால் தொட்டவருக்குத் தோள்வரை அதிர்ச்சி தரும். ஆளைக் கொல்லாத அந்த அதிர்ச்சி, வழுக்கும் கல்மேல் நிற்பவரைக் கடலில் தள்ளிவிடக்கூடும்.

முள் குத்தினால் செய்ய வேண்டியது

இந்த மீன்களின் நஞ்சு புரதத்தால் ஆனது; வெப்பம் அதைச் செயலிழக்கச் செய்யும். பிளாஸ்க் இங்கேதான் பயன்படுகிறது. காயத்தைக் கழுவி, எளிதில் வரும் முள் துணுக்குகளைக் குறட்டால் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் உள்ள நீரில் 30 முதல் 90 நிமிடம்வரை குத்துப்பட்ட கையையோ காலையோ அமிழ்த்தி வைக்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதிக்க வேண்டும். மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது, வலி நீங்கும் முன் தோல் வெந்துவிடும். வலி குறைந்தாலும் மருத்துவரிடம் போகாமல் இருக்கக் கூடாது, ஏனெனில் உள்ளே ஒடிந்த முள் சீழ் வைக்கும், தனுர்வாயு ஊசியும் தேவைப்படலாம். திருக்கை முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறியிருந்தால் அதைப் பிடுங்கவே கூடாது. அசையாமல் கட்டி, 108-ஐ அழைத்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கே நேராகக் கொண்டுபோக வேண்டும்.

பாம்பா, விலாங்கா?

இருட்டில் தூண்டிலில் நெளிந்து வருவது எதுவென்று தெரியாமல் குழம்பாதவர் இல்லை. வால் துடுப்புப்போல் தட்டையாகி, உடம்பில் செதில் தெரிந்து, துடுப்பு ஏதும் இல்லாவிட்டால் அது கடற்பாம்பு. வழுவழுப்பான உடம்பின் முதுகோரம் நீள ஓடும் துடுப்பு இருந்தால் விலாங்கோ அஞ்சாளையோ ஆகும். அஞ்சாளைக்கு நஞ்சைப் பற்றிக் கவலை இல்லை, கடியைப் பற்றி உண்டு: பிடித்ததை விடாது, சதையைக் கிழிக்கும். எதுவென்று தீர்மானிக்க முடியாவிட்டால் பாம்பு என்றே கொள்ள வேண்டும்.

கடற்பாம்பு தானாக வந்து கடிப்பது அரிது. வலையிலிருந்து மீன்களைக் கையால் அள்ளிப் பிரிக்கும்போதுதான் கடி நேர்கிறது. பலருக்குக் கடிவாயில் வலியே இருப்பதில்லை. முள் கீறியதாக எண்ணி வேலையைத் தொடர்கிறார்கள். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தசைவலி, கழுத்து விறைப்பு, இமை தொங்குதல், பேச்சுக் குழறல், பழுப்பு நிறச் சிறுநீர் என்று வரிசையாக வரும். ஆகவே வலையில் பாம்பு கிடந்து கையில் சிறு புள்ளி தெரிந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் கிளம்ப வேண்டும். கடிபட்ட கையை அசையாமல் மரச்சட்டம் வைத்துக் கட்டலாம். கயிற்றால் இறுக்குவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கூடாது. நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கானது. கடற்பாம்பு அதில் அடங்காது. மூச்சுக் கருவியும் சிறுநீரகச் சுத்திகரிப்பு வசதியும் உள்ள மருத்துவமனையே உயிரைக் காக்கும் என்பதால், கடித்தது கடற்பாம்பு என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போவது வேண்டாம்; தொலைவிலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும்.

சொறியும் முரலும்

சொறி எனப்படும் இழுதுமீன் கரையொதுங்கிச் செத்துக் காய்ந்த பிறகும் அதன் இழைகள் எரிக்கும். வலையிலும் தங்கூசியிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் இழையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்குவதுதான் மிக மோசம். நீலநிறக் காற்றுப்பையோடு மிதந்து வரும் வகையின் இழை பல மீட்டர் நீளும். பட்ட இடத்தில் மணலைத் தேய்ப்பதும், நல்ல தண்ணீர் ஊற்றுவதும், சிறுநீர் என்று யாரோ சொல்லும் வைத்தியமும் எரிச்சலைக் கூட்டும். கடல்நீரால் அலசி, இழையைக் குறட்டால் எடுத்து, 20 நிமிடம் வெந்நீரில் வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை.

இரவில் விளக்கு வைத்துக் கணவாய்க்குக் காத்திருப்பவர்கள் முரலை நினைக்க வேண்டும். ஊசிபோன்ற நீண்ட மூக்குள்ள இம்மீன் வெளிச்சத்தைக் கண்டு நீரிலிருந்து அம்புபோல் பாயும். கழுத்திலும் கண்ணிலும் ஏறிய நிகழ்வுகள் உலகின் பல கடல்களில் பதிவாகியிருக்கின்றன. விளக்கைத் தலைக்கு நேராகக் கட்டாமல் ஒதுக்கிக் கட்டுவதும், ஒளி பரவும் நீருக்கு நேரே குனிந்து உட்காராமல் இருப்பதும் போதுமான பாதுகாப்பு.

ஐந்தாம் படி: பெரியது சிக்கினால்

பங்குனி ஆமைக்கு அப்பெயர் வந்ததே அது கரையேறி முட்டையிடும் காலத்தால். வலையில் சிக்கி மூச்சு முட்டிய ஆமை செத்ததுபோல் கிடக்கும், பெரும்பாலும் செத்திருக்காது. மல்லாக்கப் போடாமல் குப்புறவே வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போர்த்தி வைத்தால் நீர் வடிந்து சில மணி நேரத்தில் உயிர்ப்புக் காட்டும். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு மெதுவாக நீரில் விட வேண்டும். தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் இழுக்காமல் தங்கூசியை வாயருகே அறுப்பதே நல்லது.

உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளியோடு பேருந்து நீளத்துக்கு வரும் திமிங்கலச் சுறா நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடித்துண்பது, ஆளைக் கடிக்காது. ஆனால் அதன் வாலடி சிறு வள்ளத்தைப் புரட்டும். வாலில் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துப் படம் எடுப்பது அதன் உயிரைப் போக்கும். நீரிலேயே வைத்து வலையை அறுத்துவிட வேண்டும். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வாள்மூக்குடைய வேளா, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவையும் அதே ஆண்டு சேர்க்கப்பட்டன. ஓங்கில் எனப்படும் டால்பினும் ஆமையும் சட்டத்தின் காப்பில் உள்ளவையே. தெரியாமல் சிக்குவது வேறு, தெரிந்து வீட்டுக்குக் கொண்டுபோவது வேறு.

மீன் அல்லாதவை

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 600-க்கும் மேற்பட்ட கொள்கலன்களோடு மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் நம் மாவட்டக் கரைவரை வந்து ஒதுங்கின. சில கொள்கலன்களில் கால்சியம் கார்பைடு இருந்தது; அது நீரோடு சேர்ந்தால் தீப்பற்றும் அசிட்டிலின் வாயு உண்டாகும். அன்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம், மூடிய டிரம், உலோக உருளை, கட்டிய பொட்டலம் எதையும் திறக்காமலும் இழுக்காமலும், இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கோ கடலோரக் காவல்படையின் 1554-க்கோ சொல்வதுதான்.

மெழுகுபோன்ற, சாம்பல் நிற, விநோத மணமுள்ள கட்டி மிதந்து வந்தால், அது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பராக இருக்கலாம். கோடிகளைப் பற்றிய பேச்சு உடனே காதில் விழும். இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வனத்துறையிடம் ஒப்படைப்பதைத் தவிர வேறு வழியைச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

கடைசிப் படி: அடுக்களையில்

உடம்பை ஊதிப் பந்தாக்கும் பேத்தை மீனைக் கரையில் பிள்ளைகள் உதைத்து விளையாடுவதைப் பார்த்திருப்போம். அதன் ஈரல், சினை, தோல் ஆகியவற்றிலும், சில வகைகளில் சதையிலும் உள்ள டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சு, எவ்வளவு நேரம் கொதித்தாலும் அழிவதில்லை. அதற்கு மாற்றுமருந்தும் இல்லை. பிறர் கையிலிருந்து தோல் உரித்துத் துண்டு போட்ட பெயர் தெரியாத மீனை வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். உண்ட சிறிது நேரத்தில் உதடும் நாக்கும் மரத்து, விரல் நுனி குறுகுறுத்தால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் அனைவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோயாளிக்கு அசைய முடியாமல் போனாலும் நினைவு தெளிவாகவே இருக்கக்கூடும் என்பதால், மூச்சு நிற்கும் நிலையிலும் செயற்கைச் சுவாசத்தைக் கைவிடக் கூடாது. சட்டியில் மிச்சமிருக்கும் மீனையும், வெட்டி எறிந்த தலையையும் ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும்.